சர்வர் வேலை பார்த்து மெக்கானிக் ஆன ஜி.டி.நாயுடு: சம்பளத்தோட தொழில் கத்துக்கிறதுக்கும் அவர் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையில இருந்து ஈ.சி.ஆர். வழியா புதுச்சேரி போறவங்க மரக்காணத்தைத் தாண்டும்போது அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. பாத்தி பாத்தியா தேங்கி நிற்கிற உப்புத் தண்ணீர், வரப்பு ஓரமா வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். 3,000 ஏக்கருக்கு மேல விரிஞ்சு கிடக்குற இந்த உப்பளத்துல ஜனவரி வாக்குல வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கினதும் எல்லாம் நின்னுடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசமும் உப்பளத் தொழிலாளி வீட்ல வருமானம் கிடையாது. இந்த மழைக்காலத்துக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருது.

இந்த உப்பளத்துலயே ஒரு பெரிய தொழில்நுட்பம் இருக்கு. அதை நாம கவனிக்கிறதே இல்லை. கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காய வைக்கணும். தண்ணீரோட அடர்த்தி சுமார் 25 டிகிரிக்கு வரும்போதுதான் சமையல் உப்பு படிகமா இறங்கும். 30-ஐ நெருங்கவிட்டா கசப்பு உப்புகளும் சேர்ந்து இறங்கி, உப்போட தரம் கெட்டுடும். இதைப் பார்க்க கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு அளவுகோல் இருக்கு. ஆனா பல வருஷம் அளத்துல நின்னவங்களுக்கு தண்ணீரோட நிறத்தைப் பார்த்தாலே போதும். அப்பா பார்த்து மகன், அம்மா பார்த்து மகள்னு கத்துக்கிட்ட வேலை. இதுக்கு சர்டிஃபிகேட் இல்லை. கத்துக்கிட்ட காலத்துக்குத் தனிச் சம்பளமும் இல்லை.

அந்த வீட்டுப் பசங்க இப்போ பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ. முடிச்சிட்டு நிற்கிறாங்க. ஒரு கம்பெனியில ஃபிட்டராவோ வெல்டராவோ எலக்ட்ரீஷியனாவோ தொழில் கத்துக்கணும். ஆனா கத்துக்கிற அந்த ஒரு வருஷம், ரெண்டு வருஷம் சாப்பாட்டுக்கு யார் பணம் தருவா? இதே கேள்வியோட சுமார் 110 வருஷத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு கிராமத்துப் பையன் நின்னான். அவன் கண்டுபிடிச்ச வழி ஹோட்டல்ல இலை எடுக்குறது.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ம் தேதி, கோவை சூலூருக்குப் பக்கத்துல இருக்குற கலங்கல் கிராமத்துல பிறந்தவர். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்து வரலை. வாத்தியார் மேல மண்ணை அள்ளி வீசிட்டு ஓடி வந்துட்டார்னு கூட ஒரு கதை சொல்லுவாங்க. எப்படியோ ஆரம்பப் பள்ளியோட படிப்பு நின்னுபோச்சு. தோட்ட வேலைதான்னு முடிவாகியிருந்த நேரத்துல அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி மோட்டார் சைக்கிள்ல வந்தார்.

ரட்ஜ் கம்பெனி வண்டி. மாடும் இல்லாம குதிரையும் இல்லாம, ஒரு இரும்புப் பெட்டி சத்தம் போட்டுக்கிட்டு ஆளைத் தூக்கிட்டுப் போகுது. இளைஞரா இருந்த துரைசாமிக்கு அதை ஓட்டிப் பார்க்கணும்ங்கிற ஆசையை விட, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்ங்கிற வெறிதான் அதிகம். பார்க்கணும்னா வாங்கணும். வாங்கணும்னா காசு வேணும்.

ஊரை விட்டுக் கிளம்பி கோவைக்கு வந்தார். ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சேர்த்து வெச்சு, அதே அதிகாரிகிட்ட அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கினதும் செஞ்ச முதல் வேலை, நட்டு நட்டா கழட்டிப் போட்டது. திரும்பப் பூட்டினார். மறுபடி கழட்டினார். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இந்தக் கதையைப் பொதுவா தன்னம்பிக்கைக் கதையா சொல்லி முடிச்சுடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க முதலாளி இல்லை. பட்டறை இல்லை. பயிற்சிக்கான செலவு, பயிற்சிக் காலத்துச் சாப்பாடு, பழகுறதுக்கான இயந்திரம்னு மூணையும் அவரே சர்வர் சம்பளத்துல இருந்து கொடுத்துக்கிட்டார். அதாவது அவருக்கான உதவித்தொகையை அவரேதான் சம்பாதிச்சார். அப்படிச் செய்ய முடிஞ்சதுக்கு ஒரு காரணம், அவர் அனுப்புற காசை நம்பி ஊர்ல யாரும் பட்டினியா காத்திருக்கலை. நிலம் வெச்சிருந்த குடும்பம். அந்த வசதி இல்லாத வீட்டுப் பையன் இதே வண்டியைப் பார்த்திருந்தா என்ன ஆகியிருப்பான்? இதை யோசிக்காம நாயுடு கதையைச் சொன்னா அது பாதிக் கதைதான்.

அப்போ சட்டம் என்ன சொல்லுச்சு?

தொழில் பழகுறவங்களுக்குன்னு இந்தியாவுல அப்பவே ஒரு சட்டம் இருந்தது. 1850-ல ஆங்கிலேய ஆட்சியில வந்தது. அனாதைக் குழந்தைகளையும், தர்ம நிறுவனங்கள்ல வளர்ற ஏழைக் குழந்தைகளையும் ஒரு தொழில் தெரிஞ்சவர்கிட்ட ஒப்பந்தம் போட்டுச் சேர்த்து விடுறதுக்கான சட்டம் அது. 10 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு. கிராமத்துல தோட்டம் வெச்சிருக்குற வீட்டுப் பையன் மெக்கானிக் ஆகணும்னு ஆசைப்பட்டா அதுக்கு அந்தச் சட்டத்துல வழி இல்லை.

மத்தபடி ஊர்ல இருந்தது நமக்குத் தெரிஞ்ச வழிதான். பட்டறையில கொண்டு போய் விடுறது. அண்ணன் கேட்குற ஸ்பேனரை எடுத்துக் கொடுக்குறது, டீ வாங்கி வர்றது, தீபாவளிக்கு ஒரு சட்டை வாங்கிக்கிறது. இன்னிக்கும் நிறைய டூ வீலர் மெக்கானிக் கடைகள்ல இதுதான் நடக்குது. நல்லா சொல்லிக் கொடுக்குற ஆள் கிடைச்சா மூணு வருஷத்துல தனிக்கடை போடலாம். கிடைக்கலைன்னா மூணு வருஷமும் டீ வாங்கலாம்.

ஜெயிச்சார், தோத்தார், பஸ் ஓட்டினார்

முதல் உலகப் போர் சமயத்துல நாயுடு திருப்பூர் பக்கம் பஞ்சு அரைக்கிற தொழில்ல இறங்கினார். பஞ்சுக்கு நல்ல கிராக்கி இருந்த காலம். நல்ல லாபம். அந்தப் பணத்தைத் தூக்கிட்டு பம்பாய் பஞ்சு வியாபாரத்துக்குப் போனார். அங்கே பெரிய நஷ்டம். கையில இருந்ததை எல்லாம் இழந்து ஊர் திரும்பினார்.

அவரைப் பத்திப் பேசுறவங்க இந்த இடத்தை வேகமா கடந்து போயிடுவாங்க. எனக்கு முக்கியமா படுறது இதுதான். பணம் போச்சு, ஆனா கையில இருந்த வேலை போகலை. இன்ஜின் தெரிஞ்ச ஆளுக்கு அன்னிக்குக் கோவையில மதிப்பு இருந்தது. ஸ்டேன்ஸ் நிறுவனத்தோட ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-ல ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி டு பழநி. டிரைவரும் அவரே, வண்டி நின்னா கீழே படுத்து ரிப்பேர் பார்க்குறவரும் அவரே.

அந்த ஒத்தை பஸ்தான் பின்னாடி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ். ஆச்சு. சில வருஷத்துல நாட்டிலேயே ஒழுங்கா நடக்குற பஸ் கம்பெனிகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்குச்சு. பஸ் கம்பெனின்னா வெறும் பஸ் இல்லைங்க. ஒவ்வொரு டிப்போவும் ஒரு பட்டறை. இன்ஜின் பிரிக்க ஆள், பாடி கட்ட ஆள், வயரிங் பார்க்க ஆள், டயர் பார்க்க ஆள் வேணும். இவ்ளோ பேரையும் வெளியில இருந்து ரெடிமேடா எடுக்க முடியாது. அன்னிக்கு அந்தப் படிப்பு படிச்சவங்களே கம்மி.

1930-கள்ல கோவை மாறிக்கிட்டு இருந்தது. பைக்காரா நீர்மின் திட்டத்துல இருந்து கரண்ட் வந்துச்சு. நூல் மில்கள் வரிசையா முளைச்சது. கிணத்துக்கு மோட்டார் பம்ப் வேணும்னு விவசாயிகள் கேட்க ஆரம்பிச்சாங்க. மோட்டார் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. 1937-ல பீளமேட்டுல நாயுடுவோட நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்ல ஒரு மின் மோட்டார் தயாராகி வெளியில வந்துச்சு. இந்தியாவுல தயாரான முதல் மின் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. நாயுடுவோட சேர்ந்து இதைச் செஞ்சவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பின்னாடி டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினவர் இவர்தான்.

அப்புறம் வந்த பட்டியல் பெருசு. பேட்டரியில ஓடுற ரசாந்த் ஷேவிங் ரேஸர், மெல்லிசான பிளேடு, பழச்சாறு பிழியிற மெஷின், மண்ணெண்ணெய்ல ஓடுற ஃபேன், தில்லுமுல்லு பண்ண முடியாத ஓட்டு மெஷின். 1941-ல 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செஞ்சு தர முடியும்னு அறிவிச்சார். 1952-ல 2,000 ரூபாய்க்கு ரெண்டு பேர் உட்கார்ற கார். லைசென்ஸ் கிடைக்காம அது நின்னுபோச்சு. பருத்தி, பப்பாளி ரகங்கள்லயும் கை வெச்சார். அவரோட தோட்டத்தைப் பார்க்க சர் சி.வி.ராமனே வந்திருக்கார். 1936 தேர்தல்ல நின்னு தோத்தும் இருக்கார். இதையெல்லாம் தனித்தனியா எழுத ஆரம்பிச்சா இந்தக் கட்டுரை முடியாது. நமக்கு வேண்டிய இடத்துக்கு வருவோம்.

பிரின்சிபால் ஆனார், ராஜினாமா பண்ணினார்

1944-ல பஸ் கம்பெனி நிர்வாகத்துல இருந்து நாயுடு விலகிட்டார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவி, தன் ஊழியர்களுக்கு நலத்திட்டம்னு பல அறிவிப்புகள் வந்துச்சு. அப்போதான் தொழிற்கல்வி பக்கம் திரும்பினார். அவரோட முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கினாங்க. அன்னிக்கு மெட்ராஸ் கவர்னரா இருந்த சர் ஆர்தர் ஹோப் பேரைத்தான் ரெண்டுக்கும் வெச்சாங்க.

1945-ல அந்தக் கல்லூரிக்கு முதல்வரா நாயுடுவே உட்கார்ந்தார். யோசிச்சுப் பாருங்க. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஒருத்தர் பொறியியல் கல்லூரி பிரின்சிபால்.

ரொம்ப நாள் நீடிக்கலை. நாலு வருஷப் படிப்பு தேவையில்லை, அது மாணவர்களோட காலத்தை வீணாக்குறது, அதே பாடத்தை ரெண்டு வருஷத்துல சொல்லிக் கொடுத்துடலாம்ங்கிறது அவரோட வாதம். அன்றைய அரசு ஒத்துக்கலை. எதிர்ப்பு தெரிவிச்சுப் பதவியை விட்டுட்டார்.

அவர் சொன்னது சரியா? ஒரு பக்கம் சரி. இன்ஜினைக் கையில தொடாமலே இன்ஜின் பத்திப் பரீட்சை எழுதுறவங்க இன்னிக்கும் இருக்காங்க. நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிச்சிட்டு, வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனியே முதல்ல இருந்து பயிற்சி கொடுக்குறதும் நடக்குது. ஏழை வீட்டுக்கு ஒரு வருஷம்னா ஒரு வருஷ வருமானம். அதைப் பாதியா குறைக்கிறது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு பக்கம் ஒண்ணு இருக்கு. கையால பழகிப் பழகியே எல்லாத்தையும் பிடிச்சுக்கிற மூளை எல்லாருக்கும் இருக்காது. நாயுடு தன்னை வெச்சு மத்தவங்களை அளந்தார். கணக்கும் இயற்பியலும் ஊறுறதுக்கு சில பேருக்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்குறதுங்கிறதுதான் பிரச்சினையே தவிர, நேரமே வேண்டாம்ங்கிறது பதில் ஆகாதுன்னு எனக்குத் தோணுது.

நாயுடு போய் வந்த நாடுகள்ல ஜெர்மனி ஒண்ணு. அங்கே இதுக்கு வேற ஒரு வழி இருந்தது. பையன் வாரத்துல சில நாள் கம்பெனிப் பட்டறையில, சில நாள் தொழிற்பள்ளியில. கம்பெனியோட எழுத்து ஒப்பந்தம். கத்துக்கிற காலத்துக்கும் மாசாமாசம் பணம். கடைசியில நாடு முழுக்கச் செல்லுபடியாகுற ஒரு தேர்வு. படிப்பும் வேலையும் ரெண்டு தனித்தனி வீடா இல்லாம ஒரே வீட்டோட ரெண்டு அறை மாதிரி.

68 வயசுல வந்த சட்டம்

சுதந்திர இந்தியாவுல தொழில் பழகுநர் சட்டம் 1961 டிசம்பர்ல நிறைவேறுச்சு. 1962 மார்ச் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. சட்டம் நிறைவேறினப்போ நாயுடுவுக்கு 68 வயசு. 1967-ல தொழில் கண்காட்சியை அமைச்சார். 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார்.

அவர் சர்வர் வேலை பார்த்துத் தனக்குத் தானே கொடுத்துக்கிட்ட காசைத்தான், இந்தச் சட்டம் முதலாளி கொடுக்கணும்னு சொல்லுது. எப்படின்னு சுருக்கமா பார்ப்போம்.

ஒரு நிறுவனத்துல 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தா, அவங்க தொழில் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்கணும். மொத்த ஆட்கள்ல குறைஞ்சது 2.5 சதவீதம், அதிகபட்சம் 15 சதவீதம். 4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் உள்ள இடங்கள் விருப்பப்பட்டா எடுக்கலாம். 2019-ல திருத்தின விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை படிப்புக்கு ஏத்த மாதிரி மாறும். அஞ்சாவது முதல் ஒன்பதாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு 5,000 ரூபாய். பத்தாவதுக்கு 6,000. பன்னிரண்டாவதுக்கும் ஐ.டி.ஐ. சான்றிதழுக்கும் 7,000. டிப்ளமோவுக்கு 8,000. டிகிரிக்கு 9,000. இது குறைந்தபட்சம்தான். இதுக்கு மேல கொடுக்குற நிறுவனங்களும் இருக்கு. பயிற்சி ரெண்டாவது, மூணாவது வருஷம் போனா தொகையும் கூடணும். தேசிய ஊக்குவிப்புத் திட்டத்துல இந்தத் தொகையில கால் பங்கை, மாசம் 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு ஏத்துக்குது. 2016-ல தொடங்கின திட்டம் இது.

கடைசியில தேர்வு இருக்கு. பாஸ் பண்ணினா தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ். பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்னு பல இடங்கள்ல இதுக்கு ஆள் எடுக்குறாங்க. அறிவிப்பு வரும்போது வயசு வரம்பையும் டிரேடு பேரையும் மட்டும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சுடுங்க. நிறைய விண்ணப்பம் அங்கேதான் அடிபடும்.

மரக்காணத்துல இருந்து பார்த்தா?

இப்போ மறுபடி உப்பளத்துக்கு வருவோம். ஐ.டி.ஐ. முடிச்ச ஒரு பொண்ணுக்கு மாசம் 7,000 ரூபாயில பயிற்சி கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். இடம் ஒரகடம் பக்கம். மரக்காணத்துல இருந்து தினமும் போய் வர முடியாது. ரூம் வாடகை, சாப்பாடு, பஸ். கம்பெனி கேன்டீனும் பஸ்ஸும் இருந்தா தாக்குப் பிடிக்கலாம். இல்லைன்னா வீட்ல இருந்துதான் காசு வரணும். அந்த வீட்ல மழை மூணு மாசம் வருமானமே இல்லை. நாயுடுவுக்கு இருந்த கலங்கல் தோட்டம் இந்தப் பொண்ணுக்கு இல்லை. அதனால சேர்றதுக்கு முன்னாடி உதவித்தொகை எவ்ளோன்னு கேட்குறதோட நிறுத்தாம, தங்குற இடமும் சாப்பாடும் யார் பொறுப்புன்னு கேட்டுடணும்.

இன்னொரு விஷயத்தையும் தெளிவா தெரிஞ்சுக்கணும். சட்டப்படி தொழில் பழகுநர் அந்த நிறுவனத்தோட தொழிலாளி கிடையாது. பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு நிறுவனத்துக்குக் கட்டாயமும் இல்லை. இதை வெச்சு, நிரந்தரத் தொழிலாளி பார்க்குற அதே வேலையைப் பாதிக் காசுக்கு வாங்குறாங்கன்னு தொழிற்சங்கங்கள் ரொம்ப நாளா குற்றம் சொல்றாங்க. அந்தப் புகாரை ஒதுக்கிட முடியாது. ஒரு வருஷம் முழுக்க ஒரே மெஷின்ல ஒரே பட்டனை அழுத்த வெச்சா அதுல கத்துக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. நாயுடு அந்த ரட்ஜ் வண்டியில கத்துக்கிட்டது, அதைக் கழட்ட அவருக்கு யாரும் தடை சொல்லாததால. பயிற்சி ஒப்பந்தத்துல எந்தெந்தப் பிரிவுல எத்தனை மாசம்னு எழுதியிருக்கான்னு பார்க்கச் சொல்றதுக்குக் காரணம் அதுதான். ஒப்பந்தம் இணையதளத்துல பதிவாகியிருக்கணும். பதிவு இல்லைன்னா சான்றிதழ் தேர்வு எழுத முடியாது. அப்புறம் அது பழைய பட்டறைக் கதைதான், சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட.

இவ்ளோ சொன்ன பிறகும், வருமானம் கொஞ்சமாவது வந்துக்கிட்டே ஒரு தொழில் கையில ஏறுறது உப்பளத்து வீட்டுக்குப் பெரிய வித்தியாசம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில சேர்ந்து, பாதியில நிக்கிறதை விட இது பாதுகாப்பு. பம்பாய்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்த நாயுடு மறுபடி எழுந்தது கையில வேலை இருந்ததால. அந்த மாதிரி ஒரு வேலை கையில இருந்தா, மழை பெய்யுற மூணு மாசத்துக்கும் சேர்த்து சம்பாதிக்கலாம்.

கோவை அவிநாசி ரோட்டுல ஜி.டி.நாயுடு அருங்காட்சியகத்துல அவர் சேர்த்து வெச்ச இயந்திரங்களை இப்பவும் பார்க்கலாம். அவர் முதல்வரா இருந்துட்டு ராஜினாமா பண்ணின கல்லூரி, இடம் மாறி பேரும் மாறி, இன்னிக்கு தடாகம் ரோட்டுல அரசு தொழில்நுட்பக் கல்லூரியா இருக்கு. அங்கே பி.இ. படிப்பு இப்பவும் நாலு வருஷம்தான்.